வீதிகளின் வரலாறு – 11: ஒரு மைலுக்கு ஆறு பென்ஸ்

சென்ற இதழில் தேம்ஸ் நதிப் படகோட்டிகளைப் பார்த்தோம். லண்டனில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக வேண்டுமானால் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகு பிடிப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. அந்தப் படகோட்டிகளில் ஒருவர் ஜான் டெய்லர். துடுப்புப் போட்டபடியே கவிதையும் எழுதியவர். ஊர் அவரைத் 'தண்ணீர்க் கவிஞர்' என்று அழைத்தது. குதிரை வண்டிகள் தங்கள் வயிற்றில் அடிக்கின்றன என்று 1623-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் பயந்தது பதினோரு ஆண்டுகளில் கண்முன்னே வந்து நின்றது.

1634-இல் பெய்லி என்ற முன்னாள் கப்பல் தலைவர் ஸ்ட்ராண்ட் வீதியில், மேபோல் கம்பத்துக்கு அருகே, நான்கு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாடகை வண்டி லண்டனுக்குப் புதிதல்ல. விடுதிகளின் முற்றத்தில் முன்பே கிடைத்தது. ஆனால் பொது வீதியில், ஒரே இடத்தில், யார் வந்து கேட்டாலும் ஏற்றிக்கொள்ளத் தயாராக வண்டிகள் காத்து நின்றது அங்கேதான் முதல்முறை. வண்டிக்காரர்களுக்கு அவர் சீருடை கொடுத்தார். எங்கிருந்து எங்கே போக எவ்வளவு என்று முன்னதாகவே சொல்லிவைத்தார். மற்ற வண்டிக்காரர்களும் அதே இடத்துக்கு வந்து அதே சத்தத்துக்கு ஓடத் தொடங்கினார்கள். சில சமயம் இருபது வண்டிகள்கூடச் சேர்ந்து நின்றன.

நிறுத்தம், சீருடை, நிர்ணயித்த கட்டணம் ஆகிய மூன்றையும் பெய்லி தன் தொழிலுக்காகத் தானே வகுத்துக்கொண்டார். அரசாங்கம் வந்தது அதற்குப் பிறகு. முதலில் அது நினைத்தது ஒழுங்கு செய்வதை அல்ல, ஒழித்துவிடுவதை.

1636 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னர் ஓர் ஆணை போட்டார். நகரத்தை விட்டுக் குறைந்தது மூன்று மைல் வெளியே போகும் பயணத்துக்கு மட்டுமே வாடகை வண்டி எடுக்கலாம், நகருக்குள் கூடாது. வண்டிகள் பெருகியதால் தெருக்கள் அடைபடுகின்றன, கல் பாவிய பாதைகள் உடைகின்றன, வைக்கோலும் தீவனமும் விலை ஏறிவிட்டன என்று காரணம் சொன்னது ஆணை. அடுத்த ஆண்டே மன்னர் இறங்கி வந்து ஐம்பது பேருக்கு உரிமம் தர ஒப்புக்கொண்டார். பிறகு மன்னராட்சியே வீழ்ந்து கிராம்வெல் வந்தார். அவருடைய 1654-ஆம் ஆண்டு அவசரச் சட்டம் எல்லாவற்றையும் எண்ணிப் பூட்டியது: வண்டி உரிமையாளர்கள் 200 பேருக்கு மேல் கூடாது, வண்டிகள் 300, குதிரைகள் 600. அந்த உரிமையாளர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. மூன்றே ஆண்டுகளில் கலைந்தது.

மறுபடி மன்னராட்சி வந்தது, மறுபடி தடையும் வந்தது. வீதியில் வாடகைக்கு வண்டி நிறுத்தக் கூடாது என்ற இரண்டாம் சார்லஸின் ஆணை 1660 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ், தடை தொடங்கிய அந்த முதல் நாளிலேயே தமக்கு ஒரு வண்டி கிடைத்ததையும் அதில் ஏறி வீடு போய்ச் சேர்ந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். பெப்பிஸ் சாதாரண ஆள் அல்ல, கடற்படை அலுவலகத்தின் உயர் அதிகாரி. தடை எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒழிக்க முடியாததிலிருந்து வருமானம் பார்க்கலாம் என்ற முடிவுக்கு அரசு வந்த ஆண்டு 1662. அந்த ஆண்டின் சட்டம் 400 வண்டிகளுக்கு உரிமம் அளித்தது; ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஐந்து பவுன் கட்டணம். பயணிக்கான கட்டணத்தையும் அதே சட்டம் நிர்ணயித்தது. பன்னிரண்டு மணி நேரம் கொண்ட ஒரு நாளுக்குப் பத்து ஷில்லிங். மணிக் கணக்கில் எடுத்தால் முதல் மணிக்குப் பதினெட்டு பென்ஸ், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் பன்னிரண்டு பென்ஸ். 1694-இல் எண்ணிக்கை 700 ஆனது. ஒரு உரிமம் 21 ஆண்டுகளுக்கு 50 பவுன், அதற்கு மேல் ஆண்டுதோறும் 4 பவுன். உரிமம் குறைவு, கேட்பவர் அதிகம் என்ற நிலையில் என்ன நடக்குமோ அது நடந்தது: உரிமம் வழங்கும் ஆணையர்கள்மீது லஞ்சப் புகார் எழுந்து, விசாரணை நடந்து, சிலர் பதவி இழந்தார்கள்.

அடுத்த நூறாண்டில் உரிமங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஆயிரத்தைத் தாண்டின என்பதைத் தவிர இங்கே சொல்ல அதிகம் இல்லை. பணக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய நாலுசக்கர வண்டிகளே பெரும்பாலும் வாடகைக்கு ஓடின. கதவில் யாரோ ஒரு பிரபுவின் குலச்சின்னம் மங்கிக் கிடக்கும். உள்ளே ஈர வைக்கோல் நாற்றம்.

1823-இல் பாரிஸ் பாணியில் இரண்டு சக்கர 'கேப்ரியோலே' வண்டிகள் பன்னிரண்டு லண்டன் வீதிக்கு வந்தன. வேகமானவை, விலை குறைந்தவை. மக்கள் பெயரைச் சுருக்கிக் 'கேப்' என்றார்கள்; அந்தப் பெயர் நிலைத்தது. 1834-இல் ஜோசப் ஹான்சம் என்ற கட்டடக் கலைஞர் ஒரு புது வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாம் நகர மண்டபத்தைக் கட்டியவர் இவர்தான். வண்டியின் உரிமையைப் பத்தாயிரம் பவுனுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. கைக்கு வந்தது சில நூறு பவுன். அவருடைய வடிவத்தை ஜான் சாப்மன் திருத்தி, ஓட்டுபவரைப் பயணிகளின் தலைக்குப் பின்னால் உயரத்தில் உட்காரவைத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் பனிமூட்டத்தில் விரையும் ஹான்சம் வண்டி அதுதான்.

இதற்கிடையே 1831-இல் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அந்த ஆண்டின் லண்டன் வாடகை வண்டிச் சட்டம், எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட வழி செய்தது. தகுதியும் கட்டணமும் இருந்தால் யாரும் உரிமம் பெறலாம். ஆனால் எத்தனை வண்டி என்ற கேள்வியை விட்ட அரசு, வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டது. இன்றைய ஆட்டோ ஸ்டாண்டில் நின்று வாக்குவாதம் செய்யும் எவருக்கும் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அந்நியமாகத் தோன்றாது.

வீதியில் ஒரு வாடகை வண்டி சும்மா நிற்கிறதா? அது வாடகைக்கு நிற்பதாகவே கொள்ளப்படும். ஏற்கெனவே ஆள் பேசிவிட்டார் என்று நிரூபித்தால் ஒழிய, வருகிறேன் என்பவரை ஏற்றிக்கொள்ள மறுக்க முடியாது. குறிப்பிட்ட தொலைவுக்குள் எங்கே கூப்பிட்டாலும் போக வேண்டும். 1853-இல் இந்தத் தொலைவு ஆறு மைல் என்று வகுக்கப்பட்டது. 'அந்தப் பக்கம் வரமாட்டேன், திரும்பும்போது சவாரி கிடைக்காது' என்ற பதில் அன்றைக்கே சட்டப்படி குற்றம்.

குதிரைக்குத் தீனி வைப்பதற்கும் விதி இருந்தது. வீதியில் குதிரைக்குத் தானியம் கொடுத்தால் அதன் முகத்தில் கட்டிய பையிலிருந்து கொடுக்க வேண்டும். வைக்கோல் கொடுத்தால் கையால் பிடித்து ஊட்ட வேண்டும். தரையில் கொட்டக் கூடாது. வண்டி நிறுத்தங்கள் குப்பைமேடாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். இந்தப் பிரிவு 1976 வரை ஏட்டில் கிடந்தது. லண்டன் டாக்ஸியில் ஒரு கட்டு வைக்கோல் வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் சட்டம் சொல்கிறது எனப் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் எப்போதுமே இருந்ததில்லை. வதந்தியின் வேர் இந்தத் தீனிப் பிரிவாக இருக்கலாம்.

அதுவரை உரிமம் என்பது வண்டிக்கும் அதன் முதலாளிக்கும்தான். கடிவாளம் பிடிப்பவர் யார் என்று சட்டம் கேட்கவில்லை. 1838-லும் 1843-லும் வந்த சட்டங்கள் ஓட்டுபவருக்கும் தனி உரிமம் வேண்டும் என்றன. எண் பொறித்த உலோக வில்லையை வெளியே தெரியும்படி அணிய வேண்டும் என்றன. வில்லையை இன்னொருவருக்கு இரவல் தருவது குற்றம். இரவல் கொடுக்கும் பழக்கம் அவ்வளவு பரவியிருந்தது: வண்டிக்காரர் சாப்பிடப் போகும்போதோ, இரவில் சற்று ஓய்வெடுக்கும்போதோ, உரிமம் இல்லாத ஆள் ஒருவர் ஏறி ஓட்டுவார். லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை நேரில் கேட்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ இத்தகைய ஆட்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். உரிமம் பறிபோன பழைய வண்டிக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டினாலோ, கண்மண் தெரியாமல் விரட்டினாலோ, பயணியை இழிவாகப் பேசினாலோ அபராதம் அல்லது சிறை. 1850-இல் இந்த மேற்பார்வை முழுவதும் காவல் துறையின் கைக்குப் போனது.

பிறகு வந்தது 1853.

அந்த ஆண்டின் சட்டம் பயணியின் பக்கம் உறுதியாக நின்றது. காவல் துறை வண்டியையும் குதிரையையும் சோதித்து, தகுதி இல்லாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். கட்டணப் பட்டியல் வண்டியில் இருக்க வேண்டும். வண்டி எண் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒவ்வொரு பயணிக்கும் கொடுக்க வேண்டும். பயணி மறந்து விட்டுப்போன பொருளை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பொருளின் சொந்தக்காரர் வண்டிக்காரருக்கு வெகுமதி தர வேண்டும். கட்டணத்தில் தகராறு வந்தால், 'நேராக நீதிமன்றத்துக்கு ஓட்டு' என்று சொல்லப் பயணிக்கு உரிமை உண்டு. நீதிபதி அங்கேயே கேட்டுத் தீர்ப்பார்.

இவை எல்லாம் நல்ல விதிகள். ஆனால் அதே சட்டம் மைலுக்கு எட்டு பென்ஸாக இருந்த கட்டணத்தை ஆறு பென்ஸாகக் குறைத்தது. வண்டிக்காரர் முதலாளிக்குக் கட்டும் நாள் வாடகை குறையவில்லை. தீவன விலையும் குறையவில்லை. ஒரு மைலுக்கு இரண்டு பென்ஸ் நஷ்டம் முழுவதும் ஓட்டுபவரின் பையிலிருந்து போனது.

ஜூலை 27 அன்று லண்டன் வீதிகளில் வண்டிகள் இல்லை. ரயிலில் வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சைத் தாங்களே சுமந்து நடந்தார்கள். ஆம்னிபஸ்கள் பிதுங்கி வழிந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் நடைதான். மூன்று நாள் இப்படியே போனது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, இரண்டு பேருக்கு மேல் ஏறினால் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்பது போன்ற சில சலுகைகளைத் தந்தது. ஆறு பென்ஸ் மாறவில்லை.

மைல் கணக்கு எத்தனை சண்டைக்கு இடம் கொடுத்தது என்பதை அறியக் கரோலின் புரோட்ஜர்ஸ் என்ற பெண்மணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வசதி படைத்தவர்; உலகம் சுற்றிய எழுத்தாளர் ரிச்சர்ட் பர்ட்டனின் தோழி. கட்டணம் அடுத்த படிக்கு ஏறும் இடம் எது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குச் சற்று முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லி, சட்டப்படியான தொகையை நீட்டுவார். வண்டிக்காரர் ஒரு பென்னி அதிகம் கேட்டால் வழக்கு. 1870-களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவர் தொடுத்த வழக்குகள் ஐம்பதைத் தொட்டன, பலவற்றில் வென்றார். அவர் வருவது தெரிந்தால் ஸ்டாண்டில் இருந்த வண்டிக்காரர்கள் எச்சரிக்கைக் குரல் கொடுத்து நகர்ந்தார்கள். ஓராண்டு நவம்பரில், உருவபொம்மை கொளுத்தும் விழாவில் அவருடைய உருவத்தையே செய்து எரித்தார்கள். சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிரே நின்றவர் தோற்றுப்போகும்போது இழப்பது ஒரு நாள் கூலியை.

பாதை தெரியாத ஓட்டுநர்களைப் பற்றிய புகார்களும் தனியாகக் குவிந்தன. 1851-இல் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தபோது வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் இதை உரக்கச் சொன்னார்கள். 1865-இல் காவல் துறை ஒரு தேர்வை ஏற்படுத்தியது. வீதிகளையும் சதுக்கங்களையும் பொதுக் கட்டடங்களையும் மனப்பாடமாகச் சொன்னால்தான் உரிமம். இன்றும் லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர், சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் தேர்வு எழுதப் போகிறார். பலருக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கின்றன.

விதிகள் இவ்வளவு பெருகியபோது அவற்றில் ஒன்று மிகவும் கொடியதாக இருந்தது: ஸ்டாண்டில் வண்டியை விட்டு ஓட்டுநர் விலகிப் போகக் கூடாது. மழை, பனி, பசி எதுவானாலும் அங்கேயே இருக்க வேண்டும். ஹான்சம் வண்டியில் பயணிக்குத்தான் கூரை, ஓட்டுபவர் வெட்டவெளியில். குளிருக்கு மதுக்கடைக்குள் ஒதுங்கினால் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனுக்குக் காசு கொடுக்க வேண்டும், போலீஸுக்கும் பயப்பட வேண்டும். ஒரு பனிப்புயல் நாளில் 'தி குளோப்' இதழாசிரியர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் வண்டி பிடித்துவர ஆள் அனுப்பியதாகவும், ஸ்டாண்டில் வண்டிகள் மட்டுமே நிற்க, ஓட்டுநர்கள் எல்லோரும் மதுக்கடையில் இருந்ததாகவும் சொல்வார்கள். அவரும் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும் சேர்ந்து 1875-இல் வண்டிக்காரர் நிழற்குடை நிதியைத் தொடங்கினார்கள்.

பச்சை வண்ணம் பூசிய சிறு மரக் குடில்கள். பொது வீதியில் நிற்பதால், ஒரு குதிரையும் வண்டியும் பிடிக்கும் இடத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்று காவல் துறை நிபந்தனை விதித்தது. அதற்குள் ஒரு சமையலடுப்பு, சுற்றிலும் பலகை இருக்கை, பத்துப் பேர் நெருக்கி உட்கார இடம். சூதாட்டமும் குடியும் கெட்ட வார்த்தையும் உள்ளே கூடாது. 1914-க்குள் 61 குடில்கள் எழுந்தன. 13 இன்னும் நிற்கின்றன. அறுநூறு குதிரைகளை எண்ணிக் கணக்கு வைத்த அரசுக்கு ஓட்டுபவர் நனைவது இருநூறு ஆண்டுகளாகத் தெரியவில்லை. தெரிந்தபோதும் கூரை போட்டது நன்கொடைப் பணம்.

குதிரைக்காகப் பேச ஒரு நாவல் வந்தது. 1877-இல் வெளியான ஆனா சீவெல்லின் 'பிளாக் பியூட்டி'. லண்டன் வாடகை வண்டிச் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் குறைவு. அதில் வரும் ஜெர்ரி பார்க்கர் ஆறு நாள் உரிமம் வைத்திருப்பவர், ஞாயிறு ஓட்டுவதில்லை. அன்று நிஜமாகவே இரண்டு வகை உரிமங்கள் இருந்தன: வாரம் ஏழு நாளும் ஓடலாம் என்பது ஒன்று, ஆறு நாள் மட்டும் என்பது இன்னொன்று. ஜெர்ரி சொந்த வண்டிக்காரர், அதனால் குதிரைக்கும் தனக்கும் ஓய்வு தர முடிந்தது. அதே கதையில் சாம் என்ற வாடகை ஓட்டுநர், வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் நாளொன்றுக்கு 18 ஷில்லிங் முதலாளியிடம் கட்ட வேண்டும். மைலுக்கு ஆறு பென்ஸ் என்று கணக்குப் போட்டால் 36 மைல் சவாரி ஓடிய பிறகுதான் அவருக்கென்று முதல் பென்னி. குதிரையை அடிக்காமல் எப்படி ஓட்டுவது என்று சாம் கேட்கும் இடத்தில் சீவெல் குற்றத்தைச் சவுக்கில் பார்க்கவில்லை, அந்தக் கணக்கில் பார்த்தார்.

நிஜ உலகில் அந்தக் கணக்கு 1894-இல் வெடித்தது. மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூன் வரை நீண்டது. இம்முறை சண்டை பயணியோடு அல்ல, முதலாளியோடு. உள்துறை அமைச்சர் ஆஸ்க்வித், பின்னாளில் பிரதமரானவர், நடுவராக அமர்ந்து, பருவத்துக்குப் பருவம் எவ்வளவு நாள் வாடகை வாங்கலாம் என்று வகுத்துக் கொடுத்தார். நாடாளுமன்றம் இரண்டரை நூற்றாண்டில் எழுதாத வரி அது. அதுவும் சட்டமாக வரவில்லை, ஒரு நடுவர் தீர்ப்பாக வந்தது.

இந்த விதிகள் கப்பலேறி நம் பக்கமும் வந்தன. பம்பாய்க்கு 1863-இலேயே தனிச் சட்டம். 1879-இல் இந்திய வாடகை வண்டிச் சட்டம் வந்து, நகராட்சிகள் தாங்களே விதி வகுக்க வழி செய்தது. சென்னை மாகாணத்துக்கு 1911-இல் தனிச் சட்டம். வண்டிக்கு உரிமம், ஓட்டுபவருக்கு உரிமமும் வில்லையும், இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற வரம்பு, இருட்டியதும் விளக்கு, கட்டணப் பட்டியல், தவறவிட்ட பொருளை ஒப்படைத்தல் என்று 1879 சட்டத்தில் உள்ளவற்றைப் படிக்கும்போது லண்டனின் சாயல் பளிச்சென்று தெரிகிறது. ரயிலடியில் பயணிகளுக்காகக் காத்து நின்ற நம் ஊர் ஜட்காக்காரரும் இந்த வரிசையில் வந்தவர்தான்.

லண்டனில் 1907-ஆம் ஆண்டு சட்டம் டாக்ஸி மீட்டருக்கு வழி திறந்தது. குறிப்பிட்ட வண்டிகளை மட்டும் நிலையத்துக்குள் விட்டு ரயில் கம்பெனிகள் காசு பார்த்த முறைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. சில ஆண்டுகளிலேயே குதிரை பின்தங்கியது. கடைசிக் குதிரை வண்டி உரிமம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது 1947-இல். ஆனால் குதிரைக்காக எழுதிய சட்டங்கள் குதிரையோடு போகவில்லை. 1831, 1843, 1853, 1869 ஆண்டுச் சட்டங்களின் பல பிரிவுகள் இன்றைய லண்டன் டாக்ஸிக்கும் பொருந்துகின்றன.

அவற்றில் பயணி எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வரம்பு உண்டு. ஓட்டுபவர் வண்டிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு அவை வரம்பு கட்டவில்லை. இந்தச் சட்டங்களின் மிகப் பெரிய குறை இதுவே. நம் ஊரில் நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுபவரிடம் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், முதலில் சொல்வது அந்தத் தொகையாகத்தான் இருக்கும்.

அடுத்த இதழில்: மீட்டர் பூட்டிய முதல் வண்டிகள்.